கைபேசியை வைத்து மதிப்பிடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: கைபேசியில் வினாடி வினா செயலி மூலம் தேர்வு வைக்கிறேன். இதுவும் 'மெய்ச்சூழல் மதிப்பீடு' தானே சார்?

பதில்: இல்லைங்க. தாளில் இருந்த கேள்வி திரைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். கற்றதை வெளியுலகில் எப்படிப் பயன்படுத்துவார்களோ, அப்படியே செய்யவைத்துப் பார்ப்பதுதான் மெய்ச்சூழல் மதிப்பீடு. அமெரிக்கக் கல்வியாளர் கிராண்ட் விகின்ஸ் 1989-லேயே இதற்காக வாதாடி எழுதினார். அப்போது எந்த மாணவர் கையில் போன் இருந்தது?

கேள்வி: அப்படியானால் இயற்பியலில் போனுக்கு என்ன வேலை?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி! ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட 'ஃபைஃபாக்ஸ்' இலவசச் செயலி, போனுக்குள் இருக்கும் உணரிகளையே (சென்சார்களையே) அளவுகோலாக்குகிறது. போனைக் கயிற்றில் கட்டி ஊசலாக ஆட்டினால் அலைவு நேரம், அதாவது ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம், கிடைக்கும். அதையும் ஊசலின் நீளத்தையும் வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். 50 செ.மீ. கயிறு, அதற்குக் கீழே 7 செ.மீ. தள்ளிப் போனின் மையம் என்று வையுங்கள். ஊசலின் நீளம் அந்த மையம் வரை, 57 செ.மீ. கயிற்றை மட்டும் அளந்த பிள்ளைக்கு 9.8 மீ/வி² வராது, 8.6 தான் வரும். அந்த 8.6 தான் நமக்கு வேண்டும். 9.8-ஐப் புத்தகத்தில் பார்த்து எழுதிவிடலாம். ஏன் குறைந்தது என்று தேடிக் கண்டுபிடித்து, செய்முறையைக் காட்டி, தன் குரலில் ஒரு நிமிடக் காணொளியாகப் பதிவுசெய்து தரட்டும். மதிப்பெண் அதற்குத்தான்.

கேள்வி: வகுப்பில் 40 பேர். இத்தனை பதிவுகளை எப்போது பார்ப்பது?

பதில்: 90 வினாடிக்கு மேல் வாங்காதீர்கள், 40 பேருக்கும் ஒரு மணி நேரம். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதிப் பிள்ளைகளிடமும் கொடுத்துவிடுங்கள். முதல் ஐந்து பதிவுகளுக்கு நீங்களும் சக ஆசிரியரும் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிடுங்கள். முதல் முறை வித்தியாசம் பார்த்து நானே ஆடிப்போய்விட்டேன்.

கேள்வி: எல்லோரிடமும் போன் இல்லையே என்கிறார் எங்கள் தலைமை ஆசிரியர்.

பதில்: நான்கு பேருக்கு ஒன்று போதும். ஆனால் படப்பிடிப்பின் அழகுக்கு மதிப்பெண் போடவே போடாதீர்கள்.

கேள்வி: பிள்ளைகளின் முகம் பதிவாகுமே?

பதில்: கையையும் கருவியையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கேமராவில் இருப்பிடப் பதிவையும் அணைக்கவேண்டும். இல்லையென்றால் எடுத்த இடம் படக்கோப்பிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்துப் பதிவுசெய்தால்?

பதில்: வாசிப்பார்கள்தான். மறுநாள் நேரில் ஒன்று கேளுங்கள்: "ஊசலின் நீளத்தைப் பாதியாக்கினால் அலைவு நேரம் என்ன ஆகும்?" 'பாதியாகும்' என்று பட்டென்று பதில் வந்தால், பதிவில் இருந்தது அவர் குரல் மட்டும்தான். சரியான விடை, சுமார் 0.7 மடங்கு.