மஞ்சள் கோட்டுக்காரர்களும் ஜான் ஜங்கரும்

தம்பி, சான்ட்லரில் வேலைக்குச் சேர்ந்த கையோடு உங்கள் மேலாளர், கல்லூரி அணிகள் ஆண்டுதோறும் மோதும் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியான ஃபியஸ்டா பவுல் ஆட்டத்துக்குத் தொண்டராக வரச் சொல்கிறார், போகலாமா, அதை நடத்துகிறவர்கள் யார் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். பீனிக்ஸ் பக்கத்து மனிதர்களோடு பழக இதைவிட நல்ல வழி கிடையாது. மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு ஓடியாடுகிறவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள்தான்.

நடத்துவது கல்லூரியும் அல்ல, அரசும் அல்ல. வரிவிலக்குப் பெற்ற ஓர் அமைப்பு. 1971இல் டெம்பியில் தொடங்கிய இந்த ஆட்டத்தை, ரோஸ், ஆரஞ்சு, சுகர் ஆகிய பழம்பெரும் பவுல் ஆட்டங்களுக்குச் சமமாக நிலைநிறுத்தியதில், அந்த அமைப்பின் தலைவராக இருந்த ஜான் ஜங்கருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் தலைமை ஏற்ற 1990இலேயே சோதனை வந்தது. கறுப்பின உரிமைப் போராளி மார்ட்டின் லூதர் கிங் நாளுக்கு விடுமுறை வேண்டாம் என்று அரிசோனா வாக்காளர்கள் சொல்லிவிட, அதை எதிர்த்துச் சில கல்லூரிகள் இங்கே ஆட வர மறுத்தன. கடைசியில் லூயிவில், அலபாமா பல்கலைக்கழக அணிகள் வந்து மானத்தைக் காப்பாற்றின. அதன்பின் ஏறுமுகம்தான்: 1996, 1999, 2003 என்று தேசியப் பட்டத்துக்கான ஆட்டங்களே இங்கு நடந்தன. ஜங்கருக்குக் கைவந்த கலை விருந்தோம்பல். ‘ஃபியஸ்டா ஃபிராலிக்’ என்று ஆண்டுதோறும் கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவர்களை விடுதிக்கு அழைத்து, கோல்ஃப் ஆடவைத்து அனுப்புவார்கள். எந்த அணி எங்கே ஆடுவது என்பதில் செல்வாக்குள்ளவர்கள் அவர்கள்!

அந்தக் கலையே அளவு மீறியது. 2011இல் வெளிவந்த விசாரணை அறிக்கையின்படி, ஜங்கருடைய பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு மட்டும் நிறுவனப் பணத்தில் 33,000 டாலருக்கு மேல் செலவு. அதையாவது ஊதாரித்தனம் என்று விடலாம். ஊழியர்களை அரசியல்வாதிகளுக்குத் தேர்தல் நிதி கொடுக்கவைத்து, அந்தப் பணத்தை போனஸ் என்ற பெயரில் திருப்பிக் கொடுத்ததுதான் குற்றம். வேலை போனது; குற்றத்தை ஒப்புக்கொண்டார்; 2014இல் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கே வேலை செய்தாலும், “இந்த வேட்பாளருக்கு நன்கொடை கொடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். நீங்கள் எச்1பி விசாவில் இருப்பவர். கிரீன் கார்டு வரும்வரை எந்தத் தேர்தலுக்கும் உங்கள் சொந்தப் பணத்தைக்கூடக் கொடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதில்லை. “விசாவில் இருக்கிறேன், சட்டம் இடம் தராது” என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் வற்புறுத்தமாட்டார்கள்.