பாரிஸில் அத்தை வீடு, கையில் ஒன்பது நாள் லீவு

கேள்வி: லாஸ்பேட்டையில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டிசம்பரில் செமஸ்டர் தேர்வு முடிந்ததும், சனிக்கிழமை தொடங்கி மறுவாரம் ஞாயிறு வரை ஒன்பது நாள் லீவு. பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல்லில் இருக்கும் அத்தை வீட்டில் ஓய்வாக இருந்துவிட்டு வர ஆசை. அப்பாவோ, “அவ்வளவு தூரம் போற, அப்படியே சுவிட்சர்லாந்து, ஆம்ஸ்டர்டாம் எல்லாம் பாத்துட்டு வா” என்கிறார். ஊர் சுற்றாமல் வீட்டில் இருக்கத்தான் போகிறேன் என்றால் விசா கிடைக்குமா? எப்போது வேலையைத் தொடங்க வேண்டும்?
– வாசகி, புதுச்சேரி

பதில்: உறவினரைப் பார்க்கப் போவது, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணம். ஊர் சுற்றவில்லை என்பதற்காக யாரும் மறுக்க மாட்டார்கள். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே எத்தனையோ. அத்தை, மாமாவைப் பார்க்க இங்கிருந்து பிள்ளைகள் போய்வருவது விசா அதிகாரிகளுக்குப் பழகிய விஷயம். எனவே, ‘கனமாத் தெரியும்’ என்று யாராவது சொல்வதைக் கேட்டுப் பொய்யான ஹோட்டல் புக்கிங்கோ, போகாத ஊர்களின் பட்டியலோ சேர்க்காதீர்கள். விண்ணப்பம் அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான். உண்மையை எழுதினால் காகிதமும் குறையும்.

முதல் வேலை உங்களுடையது அல்ல, அத்தையுடையது. நம் கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் இருக்கிறதே, அதுபோல அவர்கள் ஊரிலும் ஒரு மேரி, அதாவது நகராட்சி அலுவலகம் உண்டு. அங்கே அத்தை நேரில் போய் ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்ற விருந்தினர் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று, உங்கள் பாஸ்போர்ட் விவரம் எல்லாம் கேட்பார்கள். கைக்கு வர ஒரு மாதம்கூட ஆகலாம். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோ போதாது. அசல் தபாலில் வர வேண்டும். பாரிஸில் இறங்கும்போதும் அது கைப்பையில் இருக்க வேண்டும்.

இதில் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். நமக்கு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும், அத்தைக்கோ பிரெஞ்சுக் காகிதங்களில் குடும்பப் பெயர் வேறாக இருக்கும். போதாததற்கு அத்தை உங்களை வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிடுவார். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை அனுப்பி, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். அப்பாவும் அத்தையும் உடன்பிறந்தவர்கள் என்று காட்ட இருவரின் பிறப்புச் சான்றும் வேண்டும். தாத்தா பெயர் இரண்டிலும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் திருத்துவதற்கு நாள் பிடிக்கும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சில சமயம் 45 நாள்வரை இழுக்கும். டிசம்பர் பயணத்துக்கு அத்தை ஆகஸ்ட் கடைசியில் மேரிக்குப் போய்விட்டால் நிம்மதி. கல்லூரியில் போனஃபைடு சான்றும், லீவு தேதி குறிப்பிட்ட கடிதமும் வாங்குங்கள். படிக்கத் திரும்பி வருவீர்கள் என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. அப்பாவின் வங்கிக் கணக்கு விவரம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவையும் தேவை. பாஸ்போர்ட், ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும்.

அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். பிரெஞ்சு விசாவில் அந்த நாடுகளுக்கும் போகலாம், தடை இல்லை. ஆனால் சனிக்கிழமை கிளம்பி அடுத்த வெள்ளி திரும்பப் புறப்பட்டால், நடுவில் முழுதாகக் கிடைப்பது ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து நாள். அதில் இரண்டு நாட்டைத் திணித்தால் ரயிலிலும் பெட்டி கட்டுவதிலுமே பொழுது போய்விடும். தேர்வு முடிந்து களைத்துப் போகும் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். டிசம்பரில் பாரிஸில் விடியவே எட்டரைக்கு மேல் ஆகும், ஐந்து மணிக்கு இருட்டிவிடும். காலையில் அத்தையோடு காபி, பிறகு ஒரே ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. 18 முதல் 25 வயதுவரை இலவசம் என்பது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்குத்தான். நீங்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு நாள் பாரிஸின் லா ஷப்பெல் பகுதிக்குப் போய்வாருங்கள். தமிழ்ப் பலகைகளும் மளிகைக் கடைகளும் பிள்ளையார் கோயிலும் அங்கே உண்டு. பாரிஸ் ரயில், பஸ்ஸுக்கான நவிகோ வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். விமான நிலையம்வரை அதிலேயே போகலாம் என்பதால் வெள்ளிக்கிழமைக்கும் உதவும்.

அத்தைக்கு என்ன கொண்டுபோகலாம் என்று வீட்டில் கேட்பார்கள். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் கூடாது. கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்குத் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். தேங்காய்க்குத் தடை இல்லை. குடல் நீக்கிக் காயவைத்த கருவாட்டுக்கும் தடை இல்லை, மீன் வகை எல்லாம் சேர்த்து 20 கிலோவரை அனுமதி உண்டு. வாசனை வராமல் இரண்டு மூன்று கவரில் சுற்றுங்கள்.

டிசம்பரில் அங்கே நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். போகும்போது உடம்பு எளிதில் பழகிவிடும், திரும்பும்போதுதான் தூக்கம் முரண்டு பிடிக்கும். சனிக்கிழமை சென்னையில் இறங்குவதுபோல டிக்கெட் போடுங்கள். ஞாயிறு முழுக்கத் தூங்கிவிட்டுத் திங்கள் கல்லூரிக்குப் போகலாம்.