ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லும் சீனியர்கள்

கேள்வி: மகன் கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டல். யாருக்காவது பிறந்தநாள் என்றால் சீனியர்கள் எங்கள் ஊர்ப்பக்கக் கள்ளுக்கடைக்கு பைக்கில் கூட்டி வந்து, ஜூனியர்களை ஒரே மூச்சில் குடிக்க வைக்கிறார்களாம். திட்டினால் வீட்டுக்கே வரமாட்டானோ என்று பயம். என்ன செய்வது?
- ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை, கேரளம்

பதில்: திட்ட வேண்டாம் அம்மா, ஆனால் பேசாமலும் இருக்காதீர்கள். மது வாங்கத் தமிழ்நாட்டில் 21 வயது, கேரளத்தில் 23 வயது ஆக வேண்டும். ஜூனியரைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைப்பது ராகிங். தமிழ்நாட்டில் 1997 முதலே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, கல்லூரியில் தயங்காமல் புகார் கொடுங்கள். அமெரிக்காவில் ஃப்ரட்டர்னிட்டி என்னும் மாணவர் சங்கங்களில் புதுப் பையன்கள் இப்படிக் குடித்தே செத்திருக்கிறார்கள். பல சமயம், 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று நண்பர்கள் விட்டுவிட்டதுதான் உயிரைக் குடித்தது. குடிப்பதை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் போதை கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே இருக்கும், மோரும் எலுமிச்சையும் குளிர்ந்த தண்ணீரும் அதை இறக்காது. எழுப்பினால் எழாதவனை, மூச்சு விட்டுவிட்டு வருகிறவனைத் தனியே விடாமல், வாந்தி புரையேறாதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும். இதை மகனிடம் மட்டுமல்ல, அவன் ரூம்மேட்டிடமும் சொல்லுங்கள். அப்புறம், "குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறாதே, எந்த ராத்திரியானாலும் கூப்பிடு, வந்து கூட்டிப்போகிறேன், அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டமாட்டேன்" என்று சொல்லி, சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.