சணல் கயிற்றில் சிற்பம்: மிருணாளினி முகர்ஜி யார்?

'கல்லுமில்லை, உலோகமுமில்லை, கயிற்றில் முடிச்சுப் போட்டால் அது சிற்பமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். நம் தில்லித் தமிழர்கள் பலரும் கேட்பதுதான். சிற்பமேதான்.

மிருணாளினி 1949-இல் மும்பையில் பிறந்தவர். அப்பா ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, அம்மா சிற்பி லீலா. பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தார் (அவர் கேரளத்தில் பிறந்த தமிழர்). பிறகு தில்லிவாசி ஆனார்.

சணல் கயிற்றுக்குச் சாயமேற்றி, தறி எதுவும் இல்லாமல், பூத்தொடுப்பது போலக் கையாலேயே முடிச்சு முடிச்சாக வளர்ப்பார். முன்கூட்டி வரைபடம் போடுகிற வழக்கமில்லை. கனத்தைத் தாங்க உள்ளே இரும்புச் சட்டம். ஒன்றை முடிக்கவே மாதக்கணக்காகும். 'யக்ஷி' (1984), 'வனஸ்ரீ' (1994) இரண்டும் ஆளுயரத்தைத் தாண்டுபவை. மடிப்பும் துளையுமாய், பூவா தெய்வமா என்று சொல்லமுடியாது. ஊர் எல்லையில் நிற்கும் அம்மனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மிரட்டல் சட்டென்று பிடிபடும் என்பது என் எண்ணம். இதைக் 'கைவினை' என்று ஒதுக்கியவர்கள் உற்றுப் பார்க்கவில்லை என்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சுடுமண்ணுக்கும், பிறகு வெண்கலத்துக்கும் மாறினார். அவையும் நன்றாகவே இருக்கும், ஆனால் எனக்குக் கயிறுதான் உசத்தி.

2015-இல் தில்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய பெரிய கண்காட்சி தொடங்கிய சில நாட்களில் காலமானார். 2019-இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சிக்குப் பிறகு வெளிநாடுகளில் அவர் பெயர் இன்னும் பரவியது.