9 வயது அணிக்கு எத்தனை தாக்குதல் பிளே போதும்?

"9, 10 வயதுப் பிள்ளைகளின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 30 பிளே (முன்பே திட்டமிட்ட ஆட்ட நகர்வு) எழுதி வைத்திருக்கிறேன், போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு போதும். அதுவும் ஒரே அணிவகுப்பிலிருந்து.

கணக்கைப் பாருங்கள். நான்கு வாய்ப்பில் 10 கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று கெஜம் ஓடினாலே 12 ஆகிவிடும். இந்த வயதில் நீளமாக எறிவதும் பிடிப்பதும் கடினம், ஓட்டத்தை நம்புங்கள்.

என் தேர்வு சிங்கிள் விங் என்ற அணிவகுப்பு. 1900களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில் பயிற்சியாளர் பாப் வார்னர் வளர்த்தெடுத்த பழைய அமைப்பு. முன்வரிசையின் நடுவில் நின்று ஆட்டத்தைத் தொடங்கும் சென்டர், பந்தை நேராக ஓடுபவனிடமே அனுப்பிவிடுவான். நடுவில் கைமாற்றம் ஒன்று குறைகிறது, பந்து நழுவும் வாய்ப்பும் குறைகிறது. ஆறில் முக்கியமானவை மூன்று. முதலில் நடுவே முட்டித் தள்ளும் பவர். அப்புறம் ஓரமாகச் சுற்றும் ஸ்வீப். எதிரணி அந்தப் பக்கமே ஓடத் தொடங்கியதும் மறுபக்கம் திரும்பும் கவுன்டர். இந்த மூன்றும் தொடக்கத்தில் ஒரே மாதிரி தெரிய வேண்டும், உயிரே அங்கேதான் இருக்கிறது.

பயிற்சி நேரத்தில் பாதியை பிளாக்கிங்குக்கு, அதாவது எதிரணி ஆளை மறிப்பதற்கு, கொடுங்கள். லைனில் (முன்வரிசையில்) நிற்கும் பிள்ளைக்கு ஒரே விதி: உள்பக்க இடைவெளியில் ஆள் இருந்தால் அவனை மறி, இல்லையென்றால் நேரெதிரே நிற்பவனை, அவனும் இல்லையென்றால் எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை. எதிரணி எப்படி நின்றாலும் குழப்பம் வராது.

பந்தைத் தொடவே வாய்ப்பில்லாத அந்த லைன் பிள்ளைகளைத்தான் முதலில் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.