நொய்யல் சாயக்கழிவால் உடம்புக்கு உண்மையிலேயே பாதிப்பு உண்டா, இல்லை மிகைப்படுத்துகிறார்களா?

மிகைப்படுத்துகிறார்களா என்று கேட்டதால்தான் எழுதுகிறேன். நீங்கள் திருப்பூருக்கு வேலைக்கு வந்து, அறையில் கேன் தண்ணீர் குடிப்பவராக இருக்க வேண்டும். எங்கள் ஊர், திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து சேரும் நொய்யல் ஆற்றில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே.

1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய அணை. சில வருடங்களில் சாயத்தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்ட கூத்து வேறெங்கே நடந்திருக்கும்?

பலரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். வில்லங்கம் உப்பில் இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பைக் கொட்டுவார்கள். நிறத்தை எடுத்துவிடலாம்; கரைந்த உப்பு ஆற்றோடு வந்து கிணற்றில் இறங்கிவிடும். குடிநீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. எங்கள் கிணற்றில் மீட்டர் 3,000-ஐத் தாண்டியது. இளநீரே கரித்தது. மாடுகள் சினை பிடிக்கவில்லை.

அம்மா ஆற்றில் இறங்கித்தான் காட்டுக்கு, அதாவது எங்கள் வயலுக்கு, போவார். முழங்காலுக்குக் கீழே அரிப்பு, சொறிந்து சொறிந்து புண். டாக்டர் ஒவ்வொரு முறையும் களிம்பு எழுதிவிட்டு, "சோப்பை மாத்திப் பாருங்க" என்பார். மாற்றாத சோப்பு இல்லை. ஆற்றைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. இப்படித்தான் எந்தக் கணக்கிலும் வராமல் போகிறது.

"பனியன் கம்பெனி இல்லாவிட்டால் உனக்கு ஏது சோறு" என்று உடனே சிலர் வருவார்கள். சரி, கம்பெனியில் செக்கிங் பார்த்த அக்காவின் சம்பளத்தில் படித்தவன்தான் நானும். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அக்காவும் வீட்டில் உட்கார்ந்தார். கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பதில் கெடுபிடி வந்தது அப்புறம்தான். அம்மாவின் அரிப்புக்குச் சாயம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. காட்டைக் குத்தகைக்கு விட்டு ஆற்றில் இறங்குவதை நிறுத்திய வருடம் அரிப்பும் நின்றது. அவ்வளவுதான் தெரியும்.

பாழான நிலத்துக்கு நஷ்டஈடு வாங்கினீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். கூட்டுப் பட்டா. என்றைக்கோ நடந்த வரப்புத் தகராறை மனதில் வைத்து, பெரியப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். அந்தப் பாவத்தைச் சாயப்பட்டறை மேல் போட முடியாது. போன மாதம் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். அம்மா சொம்பை நீட்டினார்.

"கேன் தண்ணிதானம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தார்.