பசித்த பிள்ளைக்கு ஏன் இப்படி அளந்து கொடுக்கிறார்கள்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆப்பிரிக்க மருத்துவமனை ஒன்றைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒரு குழந்தைக்கு முகம் உப்பி, கால் தடித்து இருந்தது. அதைப் போய் ‘கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு’ என்றார்கள். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளை எப்படிப் பட்டினிப் பிள்ளையாகும்?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: நீங்கள் பார்த்தது சதை இல்லை அம்மா, நீர். அந்தப் பாதத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் குழி அப்படியே நிற்கும். முடி செம்பட்டையாகி, லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். தோல் பழைய சுவரில் பெயின்ட் உரிகிற மாதிரி உரியும். குவாஷியோர்க்கர் என்று இதற்குப் பெயர். இன்று கானா என்கிற நாடு அன்று கோல்டு கோஸ்ட். அங்கே வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1933-ல் இதைப் பற்றி எழுதினார், 1935-ல் அந்த ஊர்த் தாய்மார்கள் கா மொழியில் சொன்ன பெயரையே மருத்துவ உலகத்துக்கும் கொடுத்தார். அடுத்த பிள்ளை வந்ததும் இடம் இழந்த மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அர்த்தம். நம் பாட்டிமார்கள் ‘சவலை’ என்றார்களே, ஞாபகம் வருகிறதா? அதற்கும் இதற்கும் எத்தனை ஆயிரம் மைல் தூரம், ஆனால் தாய்மார்கள் கண்டுபிடித்தது ஒன்றேதான். தாய்ப்பால் நின்று, வெறும் மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்த பிள்ளைகளைத்தான் வில்லியம்ஸ் அங்கே பார்த்தார். புரதக் குறைவு ஒன்றையே காரணமாகச் சொன்ன காலம் போய்விட்டது, திரும்பத் திரும்ப வரும் தொற்றும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துதான் பிள்ளையை இந்த நிலைக்குத் தள்ளுகின்றன.

கேள்வி: டாக்காவில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அங்கே மருத்துவமனையில் பார்த்ததைச் சொல்லி வருத்தப்பட்டார். எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சூண்டு பால்தான் தருகிறார்களாம். டிரிப்ஸும் ஏற்றவில்லை, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மருந்தும் இல்லை. பசியில் சாகும் பிள்ளையிடம் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: உங்கள் நண்பரின் கோபம் எனக்குப் புரிகிறது, யாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவதே அந்த அளவுதான். மாதக்கணக்கில் சாப்பாடு இல்லாத உடம்பு தன் வேலையையெல்லாம் குறைத்துக்கொண்டு கிடக்கிறது. இதயம் மெதுவாகத் துடிக்கும், குடல் சுருங்கிவிடும், கல்லீரலும் சிறுநீரகமும் பாதி வேலைதான் செய்யும். அந்த நேரத்தில் வயிறு நிறைய ஊட்டினாலோ, டிரிப்ஸை வேகமாக ஏற்றினாலோ ரத்தத்தில் உப்புக்களின் அளவு தலைகீழாகி, அந்தச் சின்ன இதயம் தாங்காமல் நின்றுவிடும். பிரியமாக ஊட்டிய கையாலேயே பிள்ளை போய்விடும்.

அதனால்தான் முதலில் எஃப்-75 என்ற பால்: 100 மில்லியில் 75 கலோரி, புரதம் மிகக் குறைவு. வீக்கம் இல்லாத 6 கிலோ பிள்ளை என்றால் ஒரு தடவைக்கு சுமார் 65 மில்லி, ஒரு நாளைக்கு 12 தடவை. ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும்கூட எழுப்பிக் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் சர்க்கரை இறங்கி, உடம்பு சில்லிட்டு, விடிவதற்குள் போய்விடும். டிரிப்ஸ், ரத்த ஓட்டம் குறைந்து ‘ஷாக்’ என்கிற ஆபத்தான நிலைக்குப் போன பிள்ளைக்கு மட்டும்தான், அதையும் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். இரும்புச்சத்தை முதல் வாரம் தொடவே கூடாது, அது பிள்ளையை விடக் கிருமிக்குத்தான் பயன்படும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஆன்டிபயாடிக் உண்டு. ஏன் தெரியுமா? காய்ச்சல் வருவதற்குக்கூட அந்த உடம்பில் தெம்பு இல்லை! இந்த வரியை எழுதும்போதே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வீங்கிய பிள்ளைக்கு நீர் வடியும்போது எடை குறையும், தாய் பயந்துபோய் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்பாள். அவளிடம் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். சில நாளில் பிள்ளை தானாகவே கிண்ணத்துக்குக் கை நீட்டும், சிரிக்கும். அப்புறம்தான் கலோரி கூடிய எஃப்-100 பால், அதற்குப் பின் 500 கலோரி உள்ள வேர்க்கடலைப் பசைப் பாக்கெட். அதில் தண்ணீர் இல்லாததால் சீக்கிரம் கெடாது, வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம்.

டாக்காவின் மொஹாகாலியில் ‘காலரா மருத்துவமனை’ என்று மக்கள் சொல்லும் ஆய்வு மருத்துவமனையில் இப்படி ஒரே ஒழுங்காகச் செய்து பார்த்தார்கள். வயிற்றுப்போக்கோடு வந்த கடும் ஊட்டக்குறைவுப் பிள்ளைகளில் 17 சதவீதமாக இருந்த இறப்பு 9 சதவீதமாகக் குறைந்தது என்று 1999-ல் வெளியிட்டார்கள். புது மருந்து எதுவும் வரவில்லை. எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்ற வரிசைதான் மாறியது.

கேள்வி: அதே வங்கதேசத்தில் ஷாம்பு பாட்டிலை வைத்துக் குழந்தைகளுக்கு மூச்சு கொடுக்கிறார்களாமே, உண்மையா?
(வாசகர், ஈரோடு)

பதில்: உண்மைதான். முகமது ஜோபாயர் சிஷ்டி என்ற மருத்துவர் 1996-ல் சில்ஹெட்டில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த முதல் இரவே மூன்று குழந்தைகள் நிமோனியாவில் இறந்ததைப் பார்த்தவர். பிற்பாடு டாக்காவில், குழந்தை மூச்சு விடும் குழாயின் மறுமுனையைத் தண்ணீர் நிரப்பிய ஷாம்பு பாட்டிலுக்குள் விட்டார். மூச்சு குமிழியாக வெளியேறும்போது உண்டாகும் அழுத்தம் நுரையீரலின் காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் பிடித்துவைக்கும். 2015-ல் வந்த ஆய்வில், வழக்கமான குறைந்த வேக ஆக்சிஜன் பெற்றவர்களில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள், பாட்டில் முறையில் 4 சதவீதம்.

சரி, அப்படியென்றால் எல்லா ஊரிலும் பாட்டிலைக் கட்டிவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. ஆப்பிரிக்க நாடான மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இதே தத்துவத்தில் வேலை செய்யும் கருவியை வைத்துப் பார்த்தார்கள், ஆனால் அங்கே கவனித்துக்கொண்டவர்கள் மருத்துவர்கள் அல்ல. 2019-ல் வெளியான முடிவு: கருவி வைத்த பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் இறந்தார்கள், வெறும் ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 சதவீதம். டாக்காவில் அந்தப் பாட்டிலோடு பயிற்சி பெற்ற நர்ஸும் மருத்துவரும் கூடவே இருந்தார்கள்.